போல்ட்டில் நிற்கும் வண்டி

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட்டைத் திறந்தால் மூடி மட்டும் வராது. இரண்டு மட்கார்டு, இரண்டு ஹெட்லைட், முன்முகம் எல்லாம் ஒரே துண்டாக முன்னால் கவிழும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன், பிரேக் குழாய் அத்தனையும் கைக்கெட்டும் உயரத்தில் திறந்து கிடக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே டெல்கோ எனும் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றிவிடலாம். அம்பாசிடரின் பானெட்டுக்குள் தலையை நுழைத்தே பழகிய மெக்கானிக்குகள் முதல்முறை இதைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் பேசுவதில்லை.

கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த வண்டி இது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் தனிச் சேசிஸ் செய்து, அதன் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுப் பூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். டூரின் நகரத்து ஜோவன்னி மிக்கலோட்டி வடிவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்தது. கஷ்டத்துக்குச் செய்த ஏற்பாடு, கடல் கடந்து வேறு நாட்டில் வண்டி பூட்டுவதற்குத் தோதாக அமைந்துவிட்டது. வண்டலூரில் அதற்கு முன் வேன்கார்டு காரைப் பூட்டிவந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961-ல் ஹெரால்டை எடுத்துக்கொண்டது. இங்கே அதன் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் என் பட்டறையில் நிற்பது அந்த ஹெரால்டின் ஸ்டேஷன் வேகன். கம்பேனியன் என்று பெயர். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கதவு, பின்னால் தூக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு. 1970-ல் பதிவான வண்டி. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989 செப்டம்பரில்தான் என்பதால், ஆர்.சி. புத்தகத்தில் முகவரி வட ஆற்காடு மாவட்டம் என்றே இருக்கிறது. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்த குடும்பத்து வண்டி. பின்சீட்டை மடக்கிப் போட்டுவிட்டு சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குப் போவார்களாம். முழங்கால் உயரத்துக்குக் கட்டு அடுக்கி, அதன் மேல் ஒரு பையன் படுத்துத் தூங்கிக்கொண்டே போனதாக அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். அந்தப் பையன் அவர்தான்.

இந்த வண்டியில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில். எதையும் வெட்டக் கூடாது. புதிதாகச் சேர்ப்பது எதுவாக இருந்தாலும் ஸ்பேனரை வைத்துக் கழற்றினால் பழைய வண்டி அப்படியே திரும்பி வர வேண்டும். போல்ட்டால் கட்டிய வண்டிக்குச் செய்யும் மாற்றமும் போல்ட்டால்தான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. கேஸ்கெட், பேரிங், பிரேக் ரப்பர், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கூடப் புதிதாக அடித்து விற்கிறார்கள். ஆனால் கம்பேனியனின் பின்பாதிக்கு அங்கே ஒன்றும் கிடையாது. அவர்கள் செய்த எஸ்டேட்டுக்குப் பக்கக் கதவு இரண்டுதான். முன்சீட்டைச் சாய்த்துப் பின்னால் ஏறுவது நம் ஊருக்கு ஒத்துவரவில்லை. புடவை கட்டிய பாட்டியை அப்படி ஏற்ற முடியாது. அதனால் 1968-ல் மார்க் 3 வந்தபோது வண்டலூரில் நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்டும் ஐந்து கதவு எஸ்டேட்டும் இந்தியாவுக்கு மட்டுமே உரியவை. நடுத்தூண், பின்கதவு இரண்டு, அதையொட்டிய தகடு எல்லாம் மெட்ராஸ் வேலை. தொழிற்சாலை 1988-ல் மூடிவிட்டது. இன்று இவற்றுக்கு ஒரே ஆதாரம், மிஞ்சியிருக்கும் வண்டிகளும் தகடு அடிக்கத் தெரிந்த ஒரு கையும்தான்.

பழுதுபார்ப்பவர்கள் பலர் பளபளப்பில் தொடங்குகிறார்கள். இந்த வண்டியில் தொடங்க வேண்டிய இடம் தரைக்குப் பக்கத்தில். ஹெரால்டின் சேசிஸ் ஏணி மாதிரி அகலமாக இருக்காது. நடுவில் இரண்டு பெட்டிக் குழல்கள் நெருங்கி ஓடும். அதிலிருந்து இரு பக்கமும் அவுட்ரிகர்கள் கை நீட்டியிருக்கும். பாடி உட்கார்வது அந்தக் கைகளின் மேல். கை துருப்பிடித்துத் தொய்ந்தால் பாடி தொய்யும், பாடி தொய்ந்தால் கதவு அடைக்காது. கதவு சரியாக விழவில்லை என்று கீலை வளைப்பார்கள், லாக்கைத் தேய்ப்பார்கள், கதவின் விளிம்பையே சுத்தியலால் அடிப்பார்கள். கோளாறு கதவில் இருக்காது. பாடிக்கும் அவுட்ரிகருக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் கனத்தில் இருக்கும். ஒரு இடத்தில் ஒரு பேக்கிங்கைக் கூட்டினால் முன்கதவின் மேல்மூலை இடைவெளி மாறும். நான்கு கதவு வண்டியில் நடுத்தூணும் சேர்ந்து அசைவதால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விலகும்.

அதனால் எங்கள் முறை இப்படி. கதவைக் கழற்றுவதற்கு முன்பே கதவு நிற்கும் வாய்களில் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே பூட்டிவிடுவோம். வண்டியை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்துவோம். துருப்பிடித்த அவுட்ரிகரை ஒரு நேரத்தில் ஒன்றுதான் அறுத்தெடுப்போம். புதியதைப் பொருத்தி, கதவை மாட்டி, இடைவெளியைப் பார்த்த பிறகே முழு வெல்டிங். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறுத்துவிட்டால் பாடி எங்கே இருந்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. இதற்குப் பொறுமை வேண்டும் என்பதைவிட, தினமும் மாலையில் எழுதி வைக்கும் ஒரு நோட்டு வேண்டும். எந்த இடத்தில் எத்தனை பேக்கிங், எந்த போல்ட் எந்த நீளம் என்று அந்த நோட்டில் இருப்பதுதான் திரும்பப் பூட்டும்போது வழி காட்டுகிறது.

தகடு வேலையில் என்னோடு இருப்பவரை எல்லோரும் டிங்கர் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லாரி கேபின் அடித்தே கை முறுக்கேறியவர். பின்கதவின் கீழ்ப்பகுதி அரித்துப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "மேல பட்டி வச்சி மூடிட்டா ரெண்டு வருசம் ஓடும், அப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா நீங்க பாப்பீங்கண்ணா" என்றார். பட்டிக்குக் கீழே ஈரம் தங்கினால் துரு உள்ளேயே வளரும். வெளியே தெரியும்போது தகடு இருக்காது. அதனால் நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டி எடுத்தோம். வெட்டக் கூடாது என்பது நல்ல தகட்டைப் பற்றித்தான்.

புதுத் துண்டு 20 கேஜ் சி.ஆர். தகட்டில் அடித்தது. பட்டறைகளில் ஜி.ஐ. தகடு கையில் இருக்கிறது என்று அதையே போடுவார்கள். நாக முலாமோடு வெல்டிங் வைத்தால் புகை நஞ்சு, ஒட்டும் சுத்தமாக இருக்காது. வெல்டிங்கில் பாய்க்கும் எனக்கும் நெடுநாள் வாதம் உண்டு. சி.ஓ.2 வெல்டிங்கில் சூடு குறைவு, தகடு அதிகம் நெளியாது, ஆனால் ஒட்டிய இடம் கெட்டியாகிவிடும். கேஸ் வெல்டிங்கில் தகடு நெளியும், ஆனால் ஒட்டு இளகலாக இருப்பதால் அடியில் டோலி கொடுத்துச் சுத்தியலால் தட்டி மட்டம் கொண்டுவரலாம். பெரிய சமதளத்துக்குச் சி.ஓ.2, வளைவான விளிம்புக்கு கேஸ் என்று முடிவுக்கு வந்திருக்கிறோம். பின் மட்கார்டு வளைவில் அவர் கேஸ் ஒட்டைத் தட்டித் தட்டி இழைத்திருக்கும் இடத்தில் விரலை ஓட்டினால் எங்கே ஒட்டினார் என்று எனக்கே தெரிவதில்லை.

ஒட்டின் மேல் மிஞ்சும் சின்னப் பள்ளத்துக்கு பட்டியைவிட ஈயம் நல்லது. 30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு காரீயம் சேர்ந்த கம்பி 183 டிகிரியில் இளகத் தொடங்கி, சுமார் 255 டிகிரியில்தான் முழுதாக உருகும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் அது களி பதத்தில் நிற்கும். அப்போது எண்ணெய் தடவிய மரக்கட்டையால் வழித்து வைக்கலாம். தீயைக் கொஞ்சம் அதிகம் காட்டினால் மொத்தமும் சொட்டித் தரையில் விழும். இந்தப் பதத்தை எனக்குப் பழக்கிக் கொடுத்தவர் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் ஒரு பெரியவர். கார் பாடியை அவர் தொட்டதே இல்லை. ஆனால் உலோகத்தின் பளபளப்பு எந்தக் கணத்தில் மங்கினால் கையை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு எச்சரிக்கை: காரீயம் சேர்ந்த இந்த ஈயத்தை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. தூசு உடம்புக்குள் போகும். அரத்தால்தான் சீவ வேண்டும், சீவியதைப் பெருக்கி மூடி வைக்க வேண்டும்.

சின்னச் சாமான்களின் துருவுக்குச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் ஒரு பேட்டரி சார்ஜரும் போதும். துருப்பிடித்த சாமானை நெகட்டிவில், பழைய இரும்புக் கம்பியைப் பாசிட்டிவில் கொடுத்து இரவு விட்டால், காலையில் பிரஷ் போட்டுக் கழுவலாம். நல்ல இரும்பு கரைவதில்லை. பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடக் கூடாது, அதிலிருக்கும் குரோமியம் தண்ணீரை நஞ்சாக்கிவிடும். கதவு கீல், சீட் மடக்கும் கொக்கி, பின்கதவைத் தாங்கும் கை எல்லாம் இப்படித்தான் மீண்டன.

ஹெரால்டு வைத்திருக்கும் யாரையும் பார்த்தால் நான் முதலில் கேட்பது ட்ரன்னியனைப் பற்றி. முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை சுழலும். அதற்குக் கிரீஸ் ஆகாது. கியர்பெட்டிக்கு ஊற்றும் 90 நம்பர் ஆயிலைத்தான் கன் வைத்து ஏற்ற வேண்டும். கிரீஸ் இறுகி அடைத்துக்கொண்டால் மரைக்கு எண்ணெய் போகாது, தண்ணீர் புகும், துரு மரையைத் தின்னும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். எல்லா வண்டிக்கும் அடிப்பது மாதிரி கிரீஸ் கன்னை வைப்பது சர்வீஸ் ஆட்களின் கைப்பழக்கம். அதனால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் "ஆயில் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். உயிர் போகிற விஷயம் என்பதால் இதில் மட்டும் நான் யாரையும் நம்புவதில்லை, என் கையால்தான் ஏற்றுவேன்.

பின்பக்கத்தில் குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை செட்டில் இரண்டு சக்கரமும் தொங்கும். பாரம் ஏறினால் சக்கரங்கள் அடியில் விரிந்து வண்டி காலை அகட்டி நிற்கும். சேலைக் கட்டு சுமந்தே பழகிய வண்டியில் பட்டை எவ்வளவு படிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருக்கோவிலூர் ரோட்டில் லாரிக்குப் பட்டை அடிப்பவர்களிடம் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கினோம். லாரிக்கு ஏற்றுகிற அளவு ஏற்றினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து வளைவுகளில் வண்டி தூக்கும். நடுவே ஒரு அளவு இருக்கிறது, அதை வண்டியில் பாரம் வைத்துப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். இந்தப் பின்அச்சை நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்களுக்கும் பிடிக்கவில்லை என்பதால்தான் 1971-ல் அதே கம்பெனி கொண்டுவந்த கெசலில் வழக்கமான ஒரே அச்சுக்கு மாறினார்கள். கெசல் அச்சைத் தூக்கி இதில் போடச் சொல்பவர்கள் உண்டு. சேசிஸை வெட்ட வேண்டிவரும் என்பதால் நான் அந்தப் பேச்சை வளர்ப்பதில்லை.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 948 சி.சி., 63 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், சுமார் 35 குதிரைத்திறன். லேத் பட்டறைக்குத் தெரியாத எதுவும் அதில் கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் காலத்தால் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நின்றுபோனது. பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் அந்த ஈயத்தை நம்பியே இருந்தது. ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான சீட் ரிங் போட்டுவிடுவது நல்லது. அடுத்தது எத்தனால். 2023-ல் தொடங்கி இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீதம் கலந்துதான் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறி இளகிவிடும். பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸாகத் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றியிருக்கிறேன். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் தொட்டியைக் காலி செய்துவிடுகிறேன்.

இனி, என் விருப்பத்துக்குச் சேர்த்தவை. டைனமோ 22 ஆம்பியர்தான் கொடுக்கும். இரவில் லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கேட்டால் பேட்டரி இறங்கும். அதே பிராக்கெட் துளைகளில் உட்காரும்படி அடாப்டர் அடித்து ஒரு ஆல்டர்னேட்டரை மாட்டினேன். டைனமோ துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. டெல்கோவுக்குள் பாயின்ட் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன். மூடியை மூடினால் வெளியே தெரியாது. பாயின்ட்டும் கண்டென்சரும் ஒரு டப்பாவில் வண்டியிலேயே பயணம் செய்கின்றன. வழியில் எலக்ட்ரானிக் சாமான் நின்றுபோனால் ரோட்டோரத்திலேயே திரும்ப மாட்டிவிடலாம். லூகாஸ் டி.வி.எஸ். 1961-லும் பிரேக்ஸ் இந்தியா 1962-லும் பாடியில் தொடங்கியதால், அந்தக் காலத்து மெட்ராஸ் சாமான்களைப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் இன்னும் அகப்படுகிறது. தேடுவதற்கு நேரம் வேண்டும், விலையில் பேரம் பேச மனமும் வேண்டும்.

பங்குனி, சித்திரையில் இங்கே பகல் வெயிலைவிடச் சாயங்காலம் மோசம். நாளெல்லாம் காய்ந்த மலைப்பாறை பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைக் கடக்கும் நெரிசலில் வண்டி நகர்ந்து நகர்ந்து போனால் டெம்பரேச்சர் முள் ஏறும். ரேடியேட்டருக்குப் புது கோர் போட்டு, முன்னால் ஒரு மின்விசிறியைச் சட்டத்தோடு பூட்டினேன். ஏ.சி. போடச் சொன்னவர்களிடம் மறுத்தேன். 35 குதிரையில் நான்கைந்தைக் கம்ப்ரஸருக்குக் கொடுத்துவிட்டு ஜவ்வாது மலை ஏற முடியாது.

பின்பகுதிக்கு மரைன் பிளைவுட்டில் ஒரு தளம் செய்தேன். சீட் கொக்கிக்கு வண்டலூரில் போட்ட துளைகளே அதற்குப் பிடிமானம், புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. அடியில் டூல்ஸ், மேலே பாய் விரிக்கலாம். விதியை மீறியது சீட் பெல்ட்டுக்காக மட்டும். அதற்குத் தூணுக்குள் தடித்த பிளேட் வைத்து வெல்ட் செய்தேன். உள்ளே உட்காரும் ஆளுக்கு முன்னால் வண்டியின் பழைமை இரண்டாம்பட்சம்.

எதையும் வெட்டக் கூடாது என்ற என் விதியின் பக்கம்தான் சட்டமும் ஏறக்குறைய நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த விதிகள் 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு தருகின்றன. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. நான் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன். ஓடாத வண்டியில் ரப்பரும் சீலும் காய்ந்துபோகும். இந்த வண்டிக்கு ஓட்டமே பராமரிப்பு.

பெயின்ட்டுக்கு இந்த ஊரில் மாதம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டூக்கோ அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகடு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் படிந்து, பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். போதாக்குறைக்குக் கார்த்திகையில் தீபம். வாரக்கணக்கில் ஊருக்குள் வண்டி நகராது, வேலையாட்களும் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் சரியில்லை. அந்த நாட்களில் உட்கார்ந்து செய்யும் ஒயரிங், குஷன், கார்புரேட்டர் வேலைகளை வைத்துக்கொள்கிறேன். பெயின்ட் மாசியில். நிறம் எது என்பதில் குழப்பமில்லை. டேஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால் வெயிலே படாத ஓர் இடத்தில் அசல் நிறம் இருந்தது, வெளிறிய பச்சை. அதையே கலந்தோம்.

இப்போது நடந்துகொண்டிருப்பது பின்கதவுகளின் அச்சு. வண்டலூர் வரைபடம் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் கதவின் ஒவ்வொரு விளிம்பையும் அட்டையில் ஒற்றி எடுத்து, பிளைவுட்டில் வெட்டி, வளைவு தப்பாமல் இருக்கிறதா என்று தகடு அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் பாயும் நானும். இன்னொரு கம்பேனியனை வைத்திருக்கும் யாருக்கு வேண்டுமானாலும் இந்த அச்சு பயன்படும். வேங்கிக்கால் வந்து ஒற்றி எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். நடுத்தூண், பின்கதவின் மேல்சட்டம், பின்பக்கக் கண்ணாடிச் சட்டம் முடிந்துவிட்டன. இடது பின்கதவின் கீழ்விளிம்பு மட்டும் நிற்கிறது. என் வண்டியில் அந்த இடம் முன்பே ஒருமுறை விபத்தில் அடிபட்டு நிமிர்த்தியது, அளவை நம்ப முடியாது. அடிபடாத ஒரு கம்பேனியன் கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தை பிறந்ததும் அட்டையும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு போகிறோம்.